மகளிர் ரக்பி: தேயிலைத் தோட்டத்திலிருந்து தேசிய அணிவரை

(கட்டுரைப் பொருள் விளக்கம்: இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கும்)



“விளையாட்டுத் துறையில் பெண்கள்” என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வரும் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். “இன்று பெண்கள் எல்லாத் துறைகளிலும் சாதிக்கின்றனர்” என்று தொடங்கும். இரண்டு மூன்று புகழ்பெற்ற பெயர்கள் வரும். “ஆகவே பெண்களை ஊக்குவிக்க வேண்டும்” என்று முடியும். இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் இந்தக் கட்டுரை திருத்துபவர் மனத்தில் நிற்காது. எது தடையாக இருந்தது, அது எப்படி விலகியது, யார் விலக்கினார்கள் என்ற விளக்கம் அதில் இல்லை. கருத்து விளக்கக் கட்டுரைக்கு உயிரே அந்த விளக்கம்தான்.

அதற்குப் பயிற்சியாக இந்த முறை மகளிர் ரக்பியை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமில்லாத ஆட்டம். அதுவும் நல்லதுதான், மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் கைவசம் இருக்காது, யோசித்துத்தான் எழுதியாக வேண்டும்.

படிக்கும்போது ஒரு கருத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்கள் அணி உருவாக நான்கு வேண்டும்: ஒரு திடல், ஒரு பந்து, கூடவே நிற்கும் ஒரு பெரியவர், வீட்டில் ஒரு சம்மதம். தேசியக் கொடி பொறித்த சட்டை பிறகுதான் வரும்.

1. சரி, ரக்பி என்றால் என்ன?

நீள்வட்ட வடிவப் பந்து. கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை ஊன்றினால் அது ‘டிரை’, 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் கூடுதலாக 2 புள்ளி. எதிரணி விதி மீறினால் கிடைக்கும் தண்டனை உதை கம்பங்களுக்கு இடையே போனால் 3 புள்ளி.

முக்கியமான விதி ஒன்று உண்டு. கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்கலாம். அதனால் எவ்வளவு வேகமாக ஓடுபவராக இருந்தாலும் பின்னால் துணைக்கு ஆள் வராவிட்டால் மாட்டிக்கொள்வார்.

ஆட்டத்தில் இரு வகை உண்டு. பதினைவர் ஆட்டத்தில் ஒரு பாதிக்கு 40 நிமிடம். எழுவர் ஆட்டத்தில் ஒரு பாதிக்கு 7 நிமிடம்தான். ஒலிம்பிக்கில் நடப்பது எழுவர் ஆட்டம்.

பதினைவர் அணியில் எல்லா உடல்வாகுக்கும் இடம் இருக்கிறது. முன்வரிசையில் தோளோடு தோள் முட்டித் தள்ள உடல் பலமுள்ளவர் வேண்டும். உயரமானவர் பந்தை எட்டிப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் ஓட வேகமானவர் வேண்டும். நடுவில் பந்தை எடுத்துப் பிரித்துக் கொடுக்கச் சுறுசுறுப்பான, குள்ளமான ஆள்கூடப் போதும். மற்ற விளையாட்டுகளில் “நீ குண்டு, ஓட மாட்ட” என்று கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாணவியை இங்கே முதலில் கூப்பிடுவார்கள்.

அமெரிக்க எழுவர் அணியின் இலோனா மாஹெர் இதற்கு நல்ல சான்று. பள்ளிக் காலத்திலிருந்தே உடல் எடைக் குறியீட்டின்படி தான் ‘அதிக எடை’ என்றே கணக்கிடப்பட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 14-12 என்று வென்று வெண்கலம் பெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அலெக்ஸ் செட்ரிக் கிட்டத்தட்ட திடலின் முழு நீளமும் ஓடி டிரை வைத்து, தொடர்ந்த உதையையும் கம்பங்களுக்கு இடையே அனுப்பியதால் கிடைத்த வெற்றி அது.

2. உலக அணிகள் எப்படி வளர்ந்தன?

மகளிருக்கான முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டம் 1982-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்தது. பிரான்சு 4-0 என்று நெதர்லாந்தை வென்றது. அப்போது ஒரு டிரைக்கு 4 புள்ளி.

முதல் மகளிர் உலகக் கிண்ணம் 1991-இல் வேல்ஸில் நடந்தது. அதை நடத்தியது உலக ரக்பி அமைப்பு அல்ல. லண்டனின் ரிச்மண்ட் கழகத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள் (டெபோரா கிரிஃபின், சூ டோரிங்டன், மேரி ஃபோர்சித், ஆலிஸ் கூப்பர்) சேர்ந்து நடத்தினார்கள். உலக அமைப்பின் அங்கீகாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் 12 நாடுகள் வந்தன. சோவியத் அணியினரிடம் வெளிநாட்டுப் பணம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வோட்காவையும் மீன்முட்டையையும் விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது. பார்த்தவர்கள் சுமார் 3,000 பேர்.

உலக அமைப்பின் அதிகாரபூர்வ அங்கீகாரம் 1998 ஆம்ஸ்டர்டாம் போட்டிக்குத்தான் கிடைத்தது. அதாவது, முதலில் பெண்கள் ஆடிக் காட்டினார்கள். அனுமதி பின்னால் வந்தது.

பணமும் அப்படித்தான். 2014-இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அதன் தலைவி கேட்டி மெக்லீன் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. அந்த அணியினர் வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்தவர்கள். 2019 சனவரியில்தான் இங்கிலாந்து தன் பதினைவர் அணிக்கு 28 முழுநேர ஒப்பந்தங்களைக் கொடுத்தது.

2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் டிவிக்கன்ஹாமில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 33-13 என்று கனடாவை வென்றது. பார்த்தவர்கள் 81,885 பேர். 34 ஆண்டுகளில் ஏறத்தாழ 27 மடங்கு. தோற்ற கனடா அணி பொதுமக்களிடம் நிதி திரட்டித் தயாரான அணி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் மாறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது அல்லவா? 1991-இல் ஓடியாடி ஏற்பாடு செய்த டெபோரா கிரிஃபின் 2025-இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார்.

மாணவர்கள் ஒரே பார்வையில் நினைவில் வைக்க, 2025 வரை நடந்த பத்து உலகக் கிண்ணங்களின் வெற்றியாளர்கள்:

- நியூசிலாந்து 6 முறை (1998, 2002, 2006, 2010, 2017, 2021)
- இங்கிலாந்து 3 முறை (1994, 2014, 2025)
- அமெரிக்கா 1 முறை (1991)

2021-ஆம் ஆண்டுப் போட்டி பெருந்தொற்றால் 2022-இல்தான் நடந்தது. ஒலிம்பிக் எழுவர் ஆட்டத்தில் 2016-இல் ஆஸ்திரேலியாவும், தோக்கியோவிலும் பாரிசிலும் நியூசிலாந்தும் தங்கம் வென்றன.

3. இந்திய மகளிர் அணி

இந்திய மகளிர் பதினைவர் அணியின் முதல் பன்னாட்டு ஆட்டம் நடந்தது நமக்குப் பக்கத்தில்தான், சிங்கப்பூரில், 2018 ஜூன் மாதம். தலைவி புனேயைச் சேர்ந்த வாபிஸ் பருச்சா. முதல் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் தோல்வி.

அடுத்த ஆண்டு ஜூனில் பிலிப்பைன்சில் ஆசியப் போட்டி. மறுபடியும் அதே சிங்கப்பூர். கடைசி நேரத்தில் சுமித்ரா நாயக் உதைத்த தண்டனை உதை கம்பங்களுக்கு இடையே சென்றது. இந்தியா 21, சிங்கப்பூர் 19. பதினைவர் ஆட்டத்தில் இந்திய மகளிரின் முதல் பன்னாட்டு வெற்றி அது.

இந்த அணியில் இருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். சுமித்ரா நாயக் ஒடிசாக்காரர். பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் புவனேசுவரத்தில் நடக்கும் கலிங்க சமூக அறிவியல் கழகத்தின் விடுதிப் பள்ளியில் படித்தவர். சுவீட்டி குமாரி பீகாரைச் சேர்ந்தவர். ஓட்டப்பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர். 2019-இல் ‘ஸ்கிரம்குவீன்ஸ்’ என்னும் மகளிர் ரக்பி இதழ் அவரை அந்த ஆண்டின் சிறந்த பன்னாட்டு இளம் ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தது. பெருநகரத்துப் பணக்காரப் பள்ளிகள் மட்டுமே இந்த அணியை உருவாக்கவில்லை.

4. சரஸ்வதிபூர் தோட்டம்

இனி வருவது நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய பகுதி.

மேற்கு வங்காளத்தின் வடபகுதியில், ஜல்பாய்குரி மாவட்டத்தில், காட்டை ஒட்டி ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் சரஸ்வதிபூர். அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி வழியினரும் நேபாளி வழியினரும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் பலர். தாய் கொழுந்து பறிப்பார். மகள் வளர்ந்ததும் அதே வேலைக்குப் போவாள், இல்லாவிட்டால் சின்ன வயதிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வட வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளி இடைநிற்றலும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண்பிள்ளைகளை ஏமாற்றிக் கடத்துவதும் இன்றும் உள்ள பிரச்சினைகள்.

கொல்கத்தாவின் ‘ஜங்கிள் குரோஸ்’ என்னும் ரக்பிக் கழகம் 2013 வாக்கில் இந்தத் தோட்டத்துக்குப் பந்தோடு வந்தது. உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் துணை நின்றார். பையன்களும் ஆடினார்கள், ஆனால் பெயர் வாங்கியவர்கள் பெண்பிள்ளைகள். சில ஆண்டுகளில் இந்தத் தோட்டத்துப் பெண்கள் தேசிய அணிக்கே தேர்வானார்கள்.

அவர்களில் ஒருவர் சந்தியா ராய். 2019-இல் உலக ரக்பி அமைப்பு மகளிர் ரக்பியை வளர்க்க ஒரு பெரிய பிரசாரம் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து, தடைகளைத் தாண்டி வந்த 15 பெண்களை அதன் முகங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து தேர்வானவர் இந்தத் தேயிலைத் தோட்டத்துச் சந்தியா.

நான் சொன்ன நான்கையும் இங்கே வைத்துப் பாருங்கள். திடல்: தோட்டத்துக்குள் கிடந்த வெளி. பந்து: கழகம் கொடுத்தது. பெரியவர்: பயிற்சியாளரும் பாதிரியாரும். சம்மதம்: இதுதான் கடினமானது. தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மற்றவர்மேல் பாய்ந்து விழுந்து ஆடுவதை எந்தத் தாய் உடனே ஒத்துக்கொள்வாள்? வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் அந்தச் சம்மதத்தை வாங்க முடியும். ஒருத்தி போய்த் திரும்பி வந்தால் அடுத்த வீட்டுக் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

5. நம் பேராக் மண்ணில்

கோலகங்சாருக்குப் போனவர்களுக்குத் தெரியும், 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் நினைவாக அங்கே ஒரு பழைய மரம் நிற்கிறது. 1905-இல் தொடங்கப்பட்ட மலாய்க் கல்லூரியும் அதே ஊரில்தான் இருக்கிறது. நாட்டின் பள்ளி ரக்பிக்கு அது பெயர் பெற்ற இடம். ரப்பரும் ரக்பியும் ஒரே ஊரில் வளர்ந்தும், தோட்டத்து லயத்திலிருந்து ரக்பித் திடலுக்கு வழி இல்லை. நம்மவர்கள் காற்பந்து, ஹாக்கி, திடல்தடம் என்று போனார்கள்.

ஆனால் நம் பெண்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்து ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவர்தான்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் இருந்ததுபோல் ஒரு திடலும் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கேதான் கூட்டம். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறியபோது மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். எங்கள் குனோங் ராபாட் பக்கமும் அப்படி வந்த குடும்பங்கள் உண்டு. வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்த திடல் போய்விட்டது. இப்போது பெண்பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே திடல் பள்ளித் திடல்தான். அதனால்தான் புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியரின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

படிவம் 1-இல் துள்ளி ஓடும் மாணவிகள் படிவம் 4 வரும்போது மர நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால், “வெயில்ல கருத்துப் போயிடுவேன்னு அம்மா திட்டுவாங்க டீச்சர்”, “டியூஷன் இருக்கு டீச்சர்” என்பார்கள். இதை யாரும் புகாராக எழுதிக் கொடுப்பதில்லை. சத்தமில்லாமல் நடக்கிறது.

6. பெற்றோர் கேட்கும் மூன்று கேள்விகள்

“அடிபடாதா?” அடிபடும் ஆட்டம்தான், மறைக்க வேண்டாம். அதனால்தான் விதிகள் கடுமையாக உள்ளன. தோளுக்கு மேலே பிடித்து மடக்குவது குற்றம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியேற்ற வேண்டும். 2025 உலகக் கிண்ணத்தில் தலையில் பலத்த அதிர்வு ஏற்பட்டால் விளக்கு ஒளிரும் பற்காப்பை ஆட்டக்காரர்கள் அணிந்தார்கள். தொடங்குபவர்களுக்கு, இடுப்பில் செருகிய நாடாவைப் பிடுங்கி ஆடும் ‘டேக் ரக்பி’, தொட்டால் போதும் என்ற ‘டச் ரக்பி’ ஆகியவை இருக்கின்றன. இவற்றில் மோதலே இல்லை.

“உடை எப்படி?” கால்சட்டைக்கு உள்ளே முழுநீளக் காலுறை அணியவும், தலையை மூடிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. உடையைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் திடலுக்கு வெளியே நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

“படிப்பு?” இங்கிலாந்தின் அணித்தலைவி ஆசிரியையாக இருந்துகொண்டே உலகக் கிண்ணம் வென்றதைச் சொல்லுங்கள். வாரம் இரண்டு பயிற்சி நாள்களை முன்கூட்டியே எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தால் பாதிச் சந்தேகம் தீரும். “எத்தனை மணிக்கு முடியும், யார் கூட வருவா?” என்பதுதான் பல தாய்மாரின் உண்மையான கேள்வி. அதற்கு நேரடியான பதில் கொடுங்கள்.

7. கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

கீழே உள்ள இரண்டையும் மாணவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

பத்தி அ: விளையாட்டில் பெண்கள் பல சாதனைகளைப் புரிந்துள்ளனர். அவர்கள் ஆண்களுக்கு நிகராக விளங்குகின்றனர். இது மிகவும் பெருமைக்குரியதாகும்.

பத்தி ஆ: வசதி குறைந்த சூழலிலும், தொடர்ந்த வழிகாட்டல் கிடைத்தால் பெண்களால் பன்னாட்டு நிலையை எட்ட முடியும். மேற்கு வங்காளத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்தில் 2013 வாக்கில் ஒரு கழகம் ரக்பிப் பயிற்சியைத் தொடங்கியது. கொழுந்து பறிக்கும் தொழிலாளர் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் அங்கிருந்து இந்திய அணிவரை சென்றனர். ஆகவே, தோட்டப்புற மாணவியருக்குக் குறைவாக இருப்பது திறமையன்று. திடலும் பயிற்சியும் குடும்பத்தின் ஒப்புதலுமே.

பத்தி ஆ-வில் கருத்து, சான்று, விளக்கம், முடிவு என்ற நான்கும் வரிசையாக இருக்கின்றன. முடிவு வாக்கியம் முதல் வாக்கியத்தை ஒரு படி முன்னே கொண்டு போகிறது. அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்.

எண்களைப் பயன்படுத்தும்போது இரண்டை ஒப்பிடுங்கள். “81,885 பேர் பார்த்தனர்” என்பது வெறும் செய்தி. “1991-இல் சுமார் 3,000 பேர் பார்த்த இறுதி ஆட்டத்தை 2025-இல் 81,885 பேர் பார்த்தனர்” என்றால் அது வாதம்.

மொழியில் கவனிக்க வேண்டியவை:

- ‘பெண் வீராங்கனை’ என்று எழுத வேண்டாம். ‘அங்கனை’ என்றாலே பெண்தான். ‘வீராங்கனை’ அல்லது ‘பெண் வீரர்’ போதும்.
- வலிமிகும் இடங்கள்: தேயிலைத் தோட்டம், விளையாட்டுத் துறை, ரக்பிப் பந்து, உலகக் கிண்ணம்.
- ‘பன்னாட்டு அணி’, ‘அனைத்துலக அணி’ இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் ஒன்றையே கையாளுங்கள்.
- பேச்சு வழக்கை உரையாடலுக்குள் வையுங்கள். ‘ஆடுனாங்க’, ‘ஜெயிச்சிட்டாங்க’ கட்டுரை நடையில் வரக் கூடாது. (நான் இந்த விளக்கத்தில் கொஞ்சம் பேச்சு நடை கலந்திருக்கிறேன், தேர்வுத் தாளில் அந்தச் சலுகை கிடையாது!)

கலந்துரையாடலுக்கு:

1. 1991 உலகக் கிண்ணத்தை அங்கீகாரம் இல்லாமலேயே நடத்தியது சரியா? காரணத்தோடு வாதிடுக.
2. மகளிர் அணிக்கும் ஆடவர் அணிக்கும் ஒரே அளவு நிதி ஒதுக்க வேண்டுமா? ஒட்டியும் வெட்டியும் பேசுக.
3. உன் வீட்டருகே நடந்து போகும் தூரத்தில் திடல் இருக்கிறதா? அங்கே மாலையில் எத்தனை பெண்பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, ஓர் அறிக்கை எழுதுக.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எஸ்.பி.எம். அறிக்கைக்கு அது நல்ல பயிற்சி. மாணவர்கள் தாங்களே எண்ணிய எண் என்பதால் அதை மறக்கவும் மாட்டார்கள். அறிக்கைகளைத் திருத்தியதும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். திடலில் ஆள் இல்லாத மாலை எது என்று அதில் தெரியும். ஒரு பந்தையும் பத்து நாடாக்களையும் வைத்துக்கொண்டு அந்த மாலையிலேயே ‘டேக் ரக்பி’யைத் தொடங்கலாம்.